உங்கள் பிர்கா என்ன நிறம்?

“போர் போட இடம் காட்டுகிற ஆப் ஏதாவது இருக்கிறதா?”

இந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியிலும் வாசகர்கள் இதை வேறு வேறு வார்த்தைகளில் கேட்பதைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டோ, வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டோ நீரோட்டம் பார்ப்பவரைத் தேடிப் போவார்கள். இப்போது அலுவலகத்துக்கு வருகிறவர்கள் செல்போனில் கலர் கலராக ஒரு வரைபடத்தைத் திறந்து மேசைமேல் வைக்கிறார்கள். “மேடம், இங்க நீலமா காட்டுது பாருங்க. இந்த எடத்துல போட்டா தண்ணி வருமா?”

கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் போர் போடுவது ஒரு குடும்பம் எடுக்கிற பெரிய முடிவுகளில் ஒன்று. ரிக் வண்டி வந்து நின்றுவிட்டால் அடிக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும். கேசிங் பைப், மோட்டார், கேபிள், குழாய் என்று செலவு வளரும். அதற்குள் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். எழுநூறு அடி, எண்ணூறு அடி போயும் வெறும் புகை பறந்தால், அந்தக் கடனை அடைக்க எத்தனை போகம் மல்லாட்டை போட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசின் இணையதளங்களில் கிடைக்கும் நிலத்தடி நீர் வரைபடத்தை வைத்துக்கொண்டு, உங்கள் கொல்லையில் எந்த மூலையில் துளை போடலாம் என்று முடிவு செய்ய முடியாது. அதற்குத் தனி வழி இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையினர் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்திப் பாறையின் மின்தடையை அளக்கும் கருவியோடு வந்து ஆய்வு செய்து தருகிறார்கள். கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அதுகூட வாய்ப்பு எங்கே அதிகம் என்றுதான் சொல்லும், உத்தரவாதம் தராது.

வரைபடத்தின் வேலை வேறு. நாம் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அது காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், போர் போடுவதா வேண்டாமா, நவரைக்கு நெல்லா உளுந்தா என்ற முடிவுகளைக் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கலாம்.

நிறம் எப்படி வருகிறது?

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘இன்கிரெஸ்’ என்ற இணையதளத்தை உருவாக்கியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இந்திய வரைபடத்தில் தமிழ்நாட்டைத் தொட்டு, பிறகு நம் மாவட்டத்தைத் தொட்டு, பிர்கா வரை இறங்கலாம். மற்ற பல மாநிலங்களில் வட்டாரமோ வட்டமோதான் கணக்கின் அலகு. தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டுக் கணக்கை அதைவிடச் சிறிதாக, வருவாய் ஆய்வாளரின் பிர்கா அளவில் போட்டார்கள். அந்தக் கணக்கில் மாநிலத்தில் இப்படி 1,166 பிர்காக்கள். பட்டா, சிட்டா விஷயமாகப் போகும்போது நீங்கள் சொல்கிற அதே பிர்காதான்.

ஒவ்வொரு பிர்காவிலும் மழை, ஏரி, கால்வாய், பாசனக் கசிவு ஆகியவற்றால் ஓராண்டில் பூமிக்குள் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அது வரவு. அதில் இயற்கையாகவே ஓடைகளில் கசிந்து வெளியேறும் பங்கைக் கழித்தால், நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு வரும். பாசனத்துக்கும் குடிநீருக்கும் தொழிற்சாலைக்கும் எடுப்பது செலவு.

எடுத்துக்கொள்ளக்கூடியது 100 ரூபாய் என்று வையுங்கள். 70 ரூபாய் வரை செலவு செய்யும் பிர்கா பாதுகாப்பானது. 70-க்கு மேல் 90 வரை மித அபாயம். 90-க்கு மேல் 100 வரை அபாயம். 100-ஐத் தாண்டிவிட்டால் அதிநுகர்வு; வட்டியைத் தின்று முடித்து முதலிலும் கை வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். வரைபடத்தில் பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம் மாறுவது இந்தக் கணக்கின்படிதான்.

இன்னும் இரண்டு தளங்களைச் சொல்ல வேண்டும். ‘இந்தியா டபிள்யூ.ஆர்.ஐ.எஸ்.’ என்ற தளத்தில், அரசு அளந்துவரும் கண்காணிப்புக் கிணறுகள் புள்ளிகளாக இருக்கும். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தக் கிணற்றில் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கிய கோட்டைக் காட்டும். 2009-ல் இஸ்ரோ தொடங்கிய ‘புவன்’ தளத்தில் செயற்கைக்கோள் படத்தின்மேல் நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடத்தைப் பார்க்கலாம். உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வர வேண்டும், வரத்துக் கால்வாய் எங்கே காணாமல் போயிருக்கிறது என்பதையெல்லாம் வானத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பிர்கா சிவப்பு என்றால் அங்கே தண்ணீரே கிடைக்காது என்று அர்த்தமில்லை. பச்சை என்றால் எங்கே தொட்டாலும் பொங்கும் என்றும் அர்த்தமில்லை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள விகிதம்தான் அந்த நிறம்.

வரைபடத்துக்குத் தெரியாதது

எங்கள் மாவட்டம் பெரும்பாலும் கடினப்பாறைப் பகுதி. ஆற்றோரங்களைத் தவிர்த்தால், மேலே கொஞ்சம் மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது சிதைந்த பாறையின் இடுக்குகளிலும், கெட்டிப் பாறையில் ஓடும் வெடிப்புகளிலும்தான். பூமிக்கு அடியில் கடல்போல் தண்ணீர் இருக்கிறது, ஆழமாகப் போனால் தொட்டுவிடலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது. நம்முடையது சின்னக் குதிர். ஒரு நல்ல மழையில் நிரம்பிவிடும். ஒரு போகத்தில் காலியாகிவிடும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அவ்வளவு தண்ணீர் வந்தும், குதிர் கொள்கிற அளவுக்குத்தான் பூமிக்குள் தங்கும். மிச்சம் கடலுக்குப் போயாக வேண்டும். இப்படி ஒரு மழைக்குப் பிறகு கிணறு வாய்வரை நிற்பதைப் பார்த்ததும், “இந்த வருஷம் கவலை இல்ல மேடம், நவரையும் நெல்லு, சொர்ணவாரியும் நெல்லு” என்பார்கள். மேல்மட்டம் உயர்ந்திருப்பது உண்மை. குதிர் பெரிதாகிவிடவில்லையே!

பிர்கா வரைபடத்தின் குறை இங்கேதான் தெரியும். ஒரு பிர்காவில் பல ஊர்கள் இருக்கும். ஏரிக் கரைக்குக் கீழே உள்ள ஊரில் ஏப்ரல் மாதத்திலும் கிணற்றில் தண்ணீர் நிற்கும். அதே பிர்காவில் மேட்டுப்பாங்கான ஊரில் பிப்ரவரியிலேயே மோட்டார் காற்றை இழுக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டு ஒரே நிறம் பூசுகிறது வரைபடம். அதோடு, அரசின் கண்காணிப்புக் கிணறு உங்கள் ஊரிலேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பிர்காவின் நிறம் பொதுவான நிலையைச் சொல்லும். உங்கள் ஊரின் நிலையை உங்கள் ஊர்க் கிணறுகள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு ஏக்கர் கணக்கு

கூட்டங்களில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

நமக்கு ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் விழும் மழை சுமார் 40 லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி ஓடிப்போகும், ஆவியாகும், பயிரும் மரமும் குடிக்கும். கடினப்பாறைப் பகுதியில் கிணற்றுக்குச் சேரும் அளவுக்கு ஆழமாக இறங்குவது நூற்றுக்குப் பத்துப் பங்கு. பல இடங்களில் அதற்கும் குறைவு. எட்டுப் பங்கு என்று வைத்தால், ஒரு ஏக்கர் நிலம் ஓராண்டில் பூமிக்குள் சேமிப்பது சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர்.

இப்போது செலவு. ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது 48 லட்சம் லிட்டர். நவரையில் மழையை நம்ப முடியாது, அத்தனையும் கிணற்றிலிருந்துதான். அதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பவும் பூமிக்குள் இறங்குகிறது என்று தாராளமாகக் கழித்தாலும் 32 லட்சம் லிட்டர் நிற்கிறது. ஒரு ஏக்கர் சேமிப்பது 3 லட்சத்து 20 ஆயிரம். ஒரு ஏக்கர் நவரை நெல் தின்பது 32 லட்சம். பத்து ஏக்கரில் பெய்த மழை ஒரு ஏக்கர் நெல்லுக்குப் போகிறது. மல்லாட்டைக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் போதும். நெல்லில் பாதிகூட இல்லை. உளுந்துக்கு 300 மில்லிமீட்டர்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ஏரி உள்ள ஊரில் ஏரிக் கசிவு வரவோடு கூடும். அந்த ஊருக்குக் கணக்கு கொஞ்சம் இளகும்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். சிதைந்த பாறையில் நூறு பங்குக்கு ஒன்றரைப் பங்கு இடத்தில்தான் எடுக்கக்கூடிய தண்ணீர் இருக்கிறது என்றால், ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது கிடைப்பது சுமார் 60,000 லிட்டர். விநாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார் மூன்றரை மணி நேரத்துக்குள் அதை எடுத்துவிடும். மீதி நாளெல்லாம் உங்கள் மோட்டார் எங்கிருந்து இறைக்கிறது? பக்கத்துக் கழனிக்கு அடியிலிருந்து. பக்கத்துக்காரர் மோட்டாரும் அப்படித்தான். வரப்பு மேலே இருக்கிறது. கீழே வரப்பு கிடையாது.

ஊர் வரைந்த படம்

கலசபாக்கம் பக்கம் ஒரு ஊரில் இதை நேரில் பார்த்தேன். மகளிர் குழுவில் கணக்கு எழுதும் ஒரு பெண், பி.காம். படித்தவர், செல்போனில் கூகுள் வரைபடத்தின்மேல் நாமே புள்ளி வைத்துக்கொள்ளும் ‘மை மேப்ஸ்’ வசதியைக் கற்றுக்கொண்டார். ஊரில் அளக்க முடிந்த 41 திறந்தவெளிக் கிணறுகளுக்கும் அந்தந்த இடத்தில் நின்றே புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியிலும் நீர்மட்டம், ஆழம், அதை நம்பி நிற்கும் பயிர் மூன்றையும் எழுதினார். நீர்மட்டம் 20 அடிக்குள் இருந்தால் நீலம். 20 முதல் 40 வரை மஞ்சள். அதற்கும் கீழே என்றால் சிவப்பு.

ஜனவரியில் படம் பெரும்பாலும் நீலம். ஏப்ரலில் மறுபடி அளந்து, ஊராட்சி அலுவலக டி.வி.யில் போட்டுக் காட்டியபோது, ஊரின் தெற்கே ஒரு பகுதி மட்டும் அம்மை போட்டதுபோல் சிவந்திருந்தது. அதன் நடுவே கரும்பும் நவரை நெல்லும் நின்ற நிலத்தில், ஆழமான இரண்டு போர்கள்.

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. போருக்குச் சொந்தக்காரர்தான் பேசினார். “என்னைப் பாத்தா எப்படி? நான் தொள்ளாயிரம் அடியில எடுக்கறேன். உங்க கெணறு அறுபது அடி. உங்க தண்ணிய நான் எப்படி எடுக்க முடியும்?”

நியாயமான கேள்வி. வெடிப்புகள் வழியே மேலும் கீழும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னேனே தவிர, அந்த இடத்தில் அப்படித்தான் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு நிரூபிக்க முடியாது. படம் சந்தேகத்தைக் காட்டும், தீர்ப்பு சொல்லாது. அப்படித்தான் அவரிடமும் சொன்னேன்.

பதிலை அவருடைய மோட்டாரே சொல்லியது. மே மாதம் காயில் எரிந்து, ஆறு நாள் போர் ஓடவில்லை. அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. சுற்றியுள்ள கிணறுகளில் தினமும் காலையில் கயிறு விட்டு அளந்தார். மழை இல்லாத அந்த ஆறு நாளில், பக்கத்து இரண்டு கிணறுகளில் மட்டம் மெல்ல ஏறியது. ஊரின் வடக்கே உள்ள கிணறுகளில் ஏறவில்லை. மோட்டார் மறுபடி ஓடியதும் அந்த இரண்டும் இறங்கத் தொடங்கின. அவர் தானே வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் அவர் கரும்பை விடவில்லை. சொட்டுநீருக்கு மனு கொடுத்தார். நவரை நெல்லுக்குப் பதில் மல்லாட்டை போட்டார். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது கதை. “எங்க பாட்டன் காலத்துல இருந்து நவரைக்கு நெல்லுதான்” என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் நெல்லையே நட்டார்கள்.

அதே சிவப்புப் பகுதியில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற ஒரு அம்மா, போர் போடுவதற்காக ஐந்து சவரன் நகையை எடுத்து வைத்திருந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். “ஏம்மா, அப்ப நான் போர் போடறதா வாணாமா?”

“நான் வாணாம்னு சொல்ல முடியாதும்மா. உங்க கொல்லை எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்க” என்று டி.வி.யில் அவர் புள்ளியைக் காட்டினேன். சுற்றிலும் ஏழு சிவப்புப் புள்ளிகள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எட்டாவதா நான் போயி நிக்கணும், அவ்ளோதானே” என்றார். எண்பது சென்ட்டில் உளுந்து விதைத்தார். மீதியைத் தரிசாக விட்டார். வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம்தான். நகை வீட்டிலேயே இருக்கிறது.

மற்ற மாநிலங்களில் செய்து பார்த்தது

இது புதிய யோசனை இல்லை. அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தில், நம்மைப்போலவே கடினப்பாறையும் போர்களுமாக உள்ள 7 வறட்சி மாவட்டங்களில், ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் துணையோடு 2003-ல் ஒரு திட்டம் தொடங்கியது. ‘விவசாயிகளே நிர்வகிக்கும் நிலத்தடி நீர்’ என்பது அதன் பொருள். நமக்கு எல்லையாக இருக்கும் சித்தூர் மாவட்டமும் அதில் உண்டு. அறுநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் விவசாயிகளே மழைமானி வைத்தார்கள், கிணற்று மட்டத்தை அளந்தார்கள், போர் எவ்வளவு ஊற்றுகிறது என்று குறித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும், அடுத்த போகம் விதைப்பதற்கு முன், ஊர் கூடி வரவு-செலவு போட்டது. எல்லாம் ஊர்ச் சுவரில் பலகையாக எழுதப்பட்டது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. நெல் போடாதே என்று யாரையும் தடுக்கவில்லை; பயிரை மாற்றியதற்குப் பணமும் கொடுக்கவில்லை. கணக்கைப் பார்த்த பிறகு அவரவர் முடிவு. அப்படியிருந்தும் பலர் தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிரின் பரப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் மாவட்டத்தின் (இப்போது அகில்யாநகர்) ஹிவரே பஜார் ஊர் இன்னும் ஒரு படி மேலே போனது. பாசனத்துக்குப் போர் போடுவதில்லை, கரும்பு நடுவதில்லை என்று ஊரே கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. அங்கே மழை நமக்குப் பெய்வதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு ஆண்டும் மழையைக் கணக்கிட்டுவிட்டுத்தான் என்ன பயிர், எவ்வளவு ஏக்கர் என்று பேசுகிறார்கள். ஊர்த் தலைவராக இருந்து இதை நடத்திய போபட்ராவ் பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

2019 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய அடல் பூஜல் திட்டத்திலும் ஊர் நீர் பட்ஜெட்தான் மையம். அது 7 மாநிலங்களுக்கான திட்டம். தமிழ்நாடு அதில் இல்லை. ஆனால் கயிறு விட்டுக் கிணற்றை அளப்பதற்குத் திட்டம் வந்துதான் தீர வேண்டும் என்பதில்லை.

கரண்டைப் பிடுங்குவார்களோ?

புள்ளி வைக்கப் போனபோது சிலர் கிணற்றை அளக்கவே விடவில்லை. “இதை எழுதி அனுப்புவீங்க, நாளைக்கு இலவசக் கரண்டை நிறுத்துவாங்க, மீட்டர் மாட்டுவாங்க” என்றார்கள். இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது. அந்த ஊரில் ஒரு முடிவு செய்தார்கள். படம் ஊருக்குள்ளேயே இருக்கும்; யார் பெயரும் புள்ளியில் வராது; எண் மட்டும் போடுவது; அளக்க விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. இரண்டாவது முறை அளந்தபோது, முதலில் மறுத்த நான்கு பேர் தாங்களே கூப்பிட்டார்கள்.

சட்டத்தின் நிலைமையையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் நிலம் யாருடையதோ அடியில் உள்ள தண்ணீரை எடுக்கும் உரிமையும் அவருடையது என்பது 1882-ம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டக் காலத்திலிருந்து வரும் வழக்கம். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலே 2013-ல் அது நீக்கப்பட்டது. ஆகவே பக்கத்துக் கொல்லைக்காரரை இவ்வளவுதான் எடுக்கலாம் என்று நீங்களும் சொல்ல முடியாது, உங்களை அவரும் சொல்ல முடியாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். பேச்சு சண்டையாகாமல் இருக்க, இரண்டு பேருக்கும் முன்னால் ஒரே படம் இருக்க வேண்டும். செல்போன் வரைபடத்தால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் அனுபவம்.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில், உங்கள் பிர்கா என்ன நிலையில் இருக்கிறது என்று இன்கிரெஸ் தளத்தில் பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை.

இரண்டாவது, கிணற்றை அளந்து எழுதுங்கள். கயிற்றின் நுனியில் கல் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டால் போதும். மோட்டார் ஒரு இரவு முழுக்க ஓடாமல் நின்ற பிறகு, விடியற்காலையில் அளக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேலிருந்து அளந்தால் சுவரின் உயரத்தைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று அளந்தால்தான் ஒப்பிட முடியும். சுவர் இல்லாத கிணற்றில் தனியாக எட்டிப் பார்த்து அளக்காதீர்கள். துணைக்கு ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, எப்போது அளப்பது என்பது. மத்திய அரசு 2022-ல் ‘ஜல்தூத்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஊருக்கு இரண்டு மூன்று கிணறுகளில் மே மாதம் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை அளந்து பதிவு செய்வதற்கானது. வடநாட்டுக்கு அக்டோபர் மழை முடிந்த காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்கும். ஆகவே நம் பக்கத்தில் ஜனவரியில் ஒரு முறை கட்டாயம் அளக்க வேண்டும். குதிர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். நவரைக்கு என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதை அந்த அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மே மாத அளவு, குதிரின் அடியில் என்ன மிச்சம் என்று காட்டும்.

நான்காவது, குறைந்தது பத்துக் கிணறுகளையாவது சேர்த்து ஒரு படமாக்குங்கள். ஒரு கிணற்றின் அளவு அந்தக் கிணற்றின் கதையை மட்டும் சொல்லும். பத்துக் கிணறு சேர்ந்தால்தான் எந்தப் பகுதி இறங்குகிறது, ஏரி நிரம்பினால் எந்தக் கிணறு ஏறுகிறது என்று தெரியும். செல்போன் வராத ஊரில் சார்ட் பேப்பரும் கலர் பொட்டும் போதும். ஆந்திரத்தில் சுவரில்தான் எழுதினார்கள். உழவர் மன்றம், மகளிர் குழு, நூறு நாள் வேலைப் பொறுப்பாளர் என்று யாரிடமாவது இந்த வேலையை ஒப்படைத்து, கிராம சபையில் படத்தை வையுங்கள்.

ஐந்தாவது, செலவைக் குறைக்கும் வழிகளைக் கேட்டுப் பெறுங்கள். சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் தருகிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் கரும்பு நட்டால், குதிருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

கடைசியாக, போர் போடுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். என் பிர்கா எந்த வகையில் இருக்கிறது? என்னைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் எத்தனை போர், அவற்றில் எத்தனை கோடையில் நிற்கிறது? நான் நினைக்கிற பயிருக்கு எத்தனை ஏக்கரின் மழை வேண்டும்? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகும் போர் வேண்டும் என்று தோன்றினால், வேளாண்மைப் பொறியியல் துறையில் ஆய்வுக்கு விண்ணப்பியுங்கள். பதில் எழுத முடியவில்லை என்றால், நகை இன்னும் ஒரு போகம் வீட்டிலேயே இருக்கட்டும்.